எர்காட் முதல் டிரிப்டான் வரை: கருவுற்ற பெண்களுக்கான ஒற்றைத் தலைவலிச் சிகிச்சையின் எல்லைகள் உருவான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அடிக்கடி ஒற்றைத் தலைவலிக்கு ஆளாகும் பெண் கருவுறும்போது, அதுவரை பயன்படுத்திவந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றைக் கைவிட நேர்கிறது. கருவுற்ற உடலின் இயல்பே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அவ்வியல்புக்கு அப்பால், மருந்துகளின் வரலாறும் அவற்றை ஒழுங்குபடுத்திய சட்டங்களின் வரலாறும் இந்நிலையை உருவாக்கியதில் பங்கு கொண்டுள்ளன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. மருத்துவச்சிகளின் கையில் இருந்த எர்காட் ஒற்றைத் தலைவலி மருந்தாக மாறியது, தாலிடமைடு பேரழிவுக்குப் பின் பெண்கள் மருந்தாய்வுகளிலிருந்து விலக்கப்பட்டது, பின்னர் மருந்துகள் பற்றிய அறிவு திட்டமிட்ட ஆய்வால் அன்றித் தற்செயலான பயன்பாட்டின் வழியே திரண்டது ஆகிய மூன்று கட்டங்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒற்றைத் தலைவலி, எர்காட், பேறுகால மருத்துவம், தாலிடமைடு, மருந்து ஒழுங்குமுறை, மருத்துவ வரலாறு

முன்னுரை

ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களை ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. அதன் கடுமை மிகும் பருவமும் பெண்கள் மகப்பேறு அடையும் பருவமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. ஆகவே இந்நோய்க்கான எந்த மருந்தும் கருவுற்ற பெண்ணிடம் என்ன செய்யும் என்னும் வினா தொடக்கத்திலேயே எழுந்திருக்க வேண்டும். ஆயினும் வரலாற்றில் அவ்வினா எப்போதும் பின்னரே எழுந்தது. மருந்து கடைக்கு வந்த பிறகோ கேடு நேர்ந்த பிறகோதான் அதற்கு விடை தேடப்பட்டது.

மருத்துவ வரலாற்று எழுத்துகளில் ஒற்றைத் தலைவலியின் வரலாறு ஒரு கிளையாகவும் பேறுகால மருத்துவத்தின் வரலாறு வேறொரு கிளையாகவும் எழுதப்படுவது வழக்கம். இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதே இன்றைய சிகிச்சை எல்லைகளின் காரணம் விளங்குகிறது. கருவுற்ற பெண்ணுக்கு மருந்து குறைவு என்னும் கூற்றில் இரு வேறு செய்திகள் கலந்துள்ளன. சில மருந்துகள் தீங்கு செய்வன என்பது அறியப்பட்டது. வேறு பல மருந்துகள் தீங்கு செய்யுமா என்பதே ஆராயப்படவில்லை. முன்னதை மருந்தியல் விளக்கும். பின்னதை வரலாறே விளக்க வேண்டும்.

நோயின் பெயரும் இயல்பும்

தலையின் ஒரு பாதியைப் பற்றும் வலி பழங்காலம் முதலே தனித்து அறியப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் பயன்படுத்திய ‘ஹெமிக்ரேனியா’ என்னும் கிரேக்கச் சொல் ‘பாதி மண்டை’ எனப் பொருள்படும். அதுவே திரிந்து பிரெஞ்சு வழியாக ‘மைக்ரேன்’ ஆயிற்று. தமிழின் ‘ஒற்றைத் தலைவலி’யும், வடமொழி மருத்துவ நூல்கள் கூறும் ‘அர்த்தாவபேதகம்’ என்பதும் இதே பாதியையே குறிக்கின்றன. வெவ்வேறு மரபுகள் நோயை அதன் இடத்தால் அறிந்தன என்பதற்கு இப்பெயர்கள் சான்று.

வலி மட்டுமே இந்நோயன்று. குமட்டல், வாந்தி, ஒளியையும் ஓசையையும் தாங்க இயலாமை ஆகியன உடன் வரும். சிலருக்கு வலி தொடங்குமுன் கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றும். பார்வையில் ஒரு பகுதி மறையும். இம்முன்னறிகுறி ‘ஆரா’ எனப்படும். ஒரு தாக்குதல் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கக்கூடும். கருவுற்ற தொடக்க மாதங்களில் இயல்பாகவே வாந்தியால் உணவும் நீரும் குன்றும் பெண்ணுக்கு இத்தாக்குதல் அடிக்கடி வந்தால், அதன் சுமை வலியோடு நிற்பதில்லை. நீரிழப்பும் உறக்கமின்மையும் அடுத்த தாக்குதலைத் தூண்டுகின்றன.

மருத்துவச்சியின் பொடி

எர்காட் என்பது ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்தின் கதிரில் கிளாவிசெப்ஸ் பர்பூரியா என்னும் பூஞ்சை உண்டாக்கும் கருநிறக் கொம்பு போன்ற திரட்சி. தமிழக உழவர் கம்புப் பயிரில் காணும் தேன் ஒழுகல் நோயும் இப்பூஞ்சையின் இனத்தைச் சேர்ந்த வேறொன்றால் விளைவதே. இடைக்கால ஐரோப்பாவில் எர்காட் கலந்த மாவில் சுட்ட ரொட்டியை உண்டவர்களின் கைகால் விரல்கள் குருதியோட்டமின்றிக் கருகி உதிர்ந்தன. உடல் எரிவதுபோன்ற வலி உண்டாயிற்று. ‘புனித அந்தோணியார் நெருப்பு’ என அந்நோயை மக்கள் அழைத்தனர். குருதிக் குழாய்களையும் கருப்பைத் தசையையும் சுருக்கும் எர்காட்டின் ஆற்றல் அங்ஙனம் நஞ்சாகவே முதலில் வெளிப்பட்டது.

அதே ஆற்றலை மருத்துவச்சிகள் மருந்தாக அறிந்திருந்தனர். 1582ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் ஆடம் லோனிட்சரின் மூலிகை நூல், பேற்று வலியைத் தூண்ட எர்காட் பயன்படுவதைப் பதிவு செய்தது. 1808இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டேர்ன்ஸ் நியூயார்க் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்ட கடிதம், பேற்றை விரைவுபடுத்தும் பொடியாக அதனை மருத்துவர்களிடையே பரப்பியது. மருத்துவர் மணிக்கணக்கில் காத்திருக்கும் நிலையை அப்பொடி மாற்றியது.

விரைவின் விலை விரைவிலேயே தெரிந்தது. அளவு கூடினால் கருப்பை இடைவிடாது இறுகியது. குழந்தை மூச்சுத் திணறி இறந்தது. சிலவேளை கருப்பையே கிழிந்தது. 1820களில் நியூயார்க் மருத்துவர் டேவிட் ஹோசாக், இறந்து பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியிருப்பதைச் சுட்டி, பேற்றுப் பொடியான அதனைச் சாவுப் பொடி என்றே அழைக்கலாம் எனக் கண்டித்தார். குழந்தை பிறந்த பின் உதிரப்போக்கை நிறுத்துவதற்கே அதனைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் முடிவு. கருவில் குழந்தை இருக்கையில் எர்காட் கூடாது என்னும் விதி இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, குழந்தைகளின் இறப்பிலிருந்து கற்கப்பட்டது.

ஒரே மருந்து, இரு நோயர்

எர்காட் தலைவலிக்கு வந்தது இதற்குப் பின்னர்தான். 1868இல் இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் வோக்ஸ் நரம்பு வலிகளுக்கு அதனைப் பயன்படுத்தியதைப் பதிவு செய்தார். தலையின் குருதிக் குழாய்கள் விரிவதே வலிக்குக் காரணமெனில், அவற்றைச் சுருக்கும் மருந்து வலியைத் தணிக்கும் என்னும் எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்று வந்தது.

1918இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவன வேதியியலாளர் ஆர்தர் ஸ்டோல் எர்காட்டிலிருந்து எர்கோடமைனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். 1921இல் அது ‘கைனர்ஜன்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. பெயரின் முற்பகுதி பெண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பேற்றுக்குப் பின்னான உதிரப்போக்கைக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கம். சில ஆண்டுகளிலேயே, 1925ஐ ஒட்டி, சூரிச் மருத்துவர் ஹான்ஸ் மையர் அதனை ஒற்றைத் தலைவலிக்குக் கொடுத்துப் பயன் கண்டார். 1938இல் நியூயார்க்கில் ஜான் கிரஹாமும் ஹரால்ட் வுல்ஃபும், எர்கோடமைன் செலுத்தியபின் நெற்றிப்பொட்டுத் தமனியின் துடிப்பு தணிவதையும் அதனோடு வலி தணிவதையும் அளந்து காட்டினர். ஒற்றைத் தலைவலிக்கென ஒரு மருந்தும் அதற்கொரு அறிவியல் விளக்கமும் உண்டென அவ்வாய்வு நிறுவியது. குருதிக் குழாய் விளக்கம் பின்னாளில் பெரிதும் திருத்தப்பட்டது; மருந்து நிலைத்தது.

இதே காலத்தில் பேறுகால மருத்துவம் எர்கோடமைனிடமிருந்து விலகிச் சென்றது. 1932இல் பிரித்தானிய மருத்துவர் ஜான் சாசர் மோயர், எர்காட்டின் நீர்ச்சாற்றில் கருப்பையை மிக விரைவாகச் சுருக்கும் வேறொரு பொருள் இருப்பதைக் கண்டார். 1935இல் அது எர்கோமெட்ரின் எனப் பிரித்தெடுக்கப்பட்டது. எர்காட்டின் மரபு இவ்வாறு இரண்டாகப் பிரிந்தது. எர்கோமெட்ரின் பேற்றறைக்குச் சென்றது. எர்கோடமைன் தலைவலி நோயரிடம் சென்றது.

இப்பிரிவில்தான் கருவுற்ற நோயரின் சிக்கல் தோன்றுகிறது. பேற்றறையில் எர்காட் குழந்தை பிறந்த பின்னரே கொடுக்கப்பட்டது. தலைவலிக்கு அவ்வாறு காலவரையறை இல்லை; அது எந்த மாதத்திலும் வரும். தலையின் குழாய்களைச் சுருக்கும் மருந்து கருப்பைக்கும் நஞ்சுக்கொடிக்கும் செல்லும் குழாய்களையும் சுருக்கவே செய்யும். பெண்ணுக்கென உருவாகி, பெண்களையே மிகுதியாகத் தாக்கும் நோய்க்கு வந்த முதல் தனி மருந்து, கருவுற்ற பெண்ணுக்கு மட்டும் ஆகாததாயிற்று. இது பகுத்தறிவற்ற அச்சமன்று. ஹோசாக்கின் காலத்தில் கற்ற பாடத்தின் தொடர்ச்சியே. ஆயினும் எர்கோடமைன் மறுக்கப்பட்ட பெண்ணுக்கு மாற்றாக எதைக் கொடுப்பது என்னும் தேடல் அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் நிகழவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

நஞ்சுக்கொடி என்னும் அரண்

எர்காட்டின் கேடு கருப்பையின் இறுக்கத்தால் வருவதாகவே அறியப்பட்டிருந்தது. தாய் உட்கொள்ளும் மருந்து குழந்தையின் உறுப்புகள் உருவாவதையே சிதைக்கக்கூடும் என்னும் எண்ணம் மருத்துவர்களிடையே வலுவாக இல்லை. நஞ்சுக்கொடி கருவைக் காக்கும் அரண் என்ற நம்பிக்கை பரவியிருந்தது. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கருவுற்ற தொடக்கத்தில் ருபெல்லா கண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறவிக் கண்புரை இருப்பதைக் கண்டறிந்தபோது அந்நம்பிக்கையில் முதல் விரிசல் விழுந்தது. எனினும் மருந்துகளுக்கு அப்பாடம் உடனே பொருத்தப்படவில்லை.

தாலிடமைடு அந்நம்பிக்கையை முற்றாகத் தகர்த்தது. மேற்கு ஜெர்மனியின் கெமி குரூனென்தால் நிறுவனம் 1957இல் ‘கான்டெர்கன்’ என்னும் பெயரில் அதனைத் தீங்கற்ற உறக்க மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. கருவுற்ற பெண்களின் காலைநேரக் குமட்டலுக்கும் அது கொடுக்கப்பட்டது. 1961இன் இறுதியில் ஜெர்மனியில் விடுகுண்ட் லென்ஸும் ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடும், கைகால்கள் குறைந்து பிறந்த குழந்தைகளுக்கும் அம்மருந்துக்கும் உள்ள தொடர்பைத் தனித்தனியே வெளிப்படுத்தினர். உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது.

இப்பேரழிவு பற்றிய எழுத்துகளில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி இங்கு முதன்மை பெறுகிறது. பிரித்தானியாவில் 1958 முதல் டிஸ்டில்லர்ஸ் நிறுவனம் தாலிடமைடைத் தனியாகவும் பிற மருந்துகளோடு கலந்தும் விற்றது. அக்கலவைகளுள் ‘வால்கிரைன்’ என்பது தாலிடமைடும் எர்கோடமைனும் சேர்ந்த ஒற்றைத் தலைவலி மாத்திரை. கருப்பையைச் சுருக்குவதாக ஒன்றரை நூற்றாண்டாக அறியப்பட்டிருந்த மருந்தும், கருவைச் சிதைப்பதாகப் பின்னர் அறியப்பட்ட மருந்தும் ஒரே மாத்திரையில் இணைந்திருந்தன. மகப்பேற்றுப் பருவத்துப் பெண்களே பெரும்பான்மையாக உள்ள நோய்க்கு அம்மாத்திரை உருவாக்கப்பட்டது. மருந்தைத் திட்டமிட்டோரின் எண்ணத்தில் ‘தலைவலி நோயர்’ என்பவரும் ‘கருவுற்ற பெண்’ என்பவரும் எத்துணை விலகி நின்றனர் என்பதை இவ்வொரு சான்றே உணர்த்தும்.

பாதுகாப்பும் விலக்கலும்

அமெரிக்காவில் உணவு, மருந்து நிர்வாகத்தின் அலுவலர் பிரான்சஸ் கெல்சி, சான்றுகள் போதா எனக் கூறித் தாலிடமைடுக்கு ஒப்புதல் தர மறுத்தார். 1962இல் கெஃபாவர்–ஹாரிஸ் திருத்தச் சட்டம் நிறைவேறியது. மருந்தின் பயனை முறையான ஆய்வால் நிறுவுவது கட்டாயமாயிற்று. தாலிடமைடின் பாடம் கூடுதல் ஆய்வு வேண்டும் என்பதே. ஆனால் பெண்களைப் பொறுத்தவரை அப்பாடம் எதிர்த்திசையில் செயல்பட்டது. 1977இல் அதே நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டுதல், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களை மருந்தாய்வின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கியது. கருத்தடை முறைகளைப் பின்பற்றுவோருக்கும் இவ்விலக்கல் பொருந்தியது. 1993இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது. அதன்பின்னும் கருவுற்ற பெண்கள் ஆய்வுகளில் சேர்க்கப்படாமையே நடைமுறையாக நீடித்தது.

ஆய்விலிருந்து விலக்கினால் கரு காக்கப்படும் என்பது இவ்விதியின் கருத்து. மருந்து விற்பனைக்கு வந்தபின் கருவுற்ற பெண்கள் அதனை உட்கொள்ளவே செய்வர் என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை. திட்டமிடாமல் கருவுறுவோர் பலர். கருவுற்றதை அறியுமுன் மாத்திரை உட்கொள்வோர் பலர். ஆய்வுக்கூடத்தில் சிலரிடம், கண்காணிப்போடு ஏற்கப்பட்டிருக்க வேண்டிய இடர், வெளியே பலரிடம், கண்காணிப்பின்றி ஏற்கப்பட்டது.

1979இல் மருந்துகளை ஏ, பி, சி, டி, எக்ஸ் என ஐந்து எழுத்துகளால் வகைப்படுத்தும் முறை அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. எர்கோடமைன் ‘எக்ஸ்’ பெற்றது. எப்பயனுக்காகவும் கருவுற்றவருக்குத் தரலாகாது என்பது அதன் பொருள். மிகப் பல மருந்துகள் ‘சி’ பெற்றன. விலங்குகளிடம் தீங்கு கண்டவையும், எந்த ஆய்வும் நிகழாதவையும் ‘சி’ என்னும் ஒரே எழுத்தின் கீழ் அடங்கின. அறிந்த தீங்குக்கும் அறியாமைக்கும் இடையிலான வேறுபாட்டை அவ்வெழுத்து மறைத்தது. 2015 முதல் எழுத்துமுறை கைவிடப்பட்டு, கிடைத்துள்ள சான்றுகளை விளக்கி எழுதும் முறை வந்தது.

‘கருவுற்றால் தணியும்’ என்னும் ஆறுதல்

ஆய்வுக் குறைவுக்கு மற்றொரு காரணம் நோயின் போக்கிலேயே இருந்தது. கருவுற்ற காலத்தில் ஒற்றைத் தலைவலி பலருக்குத் தணிகிறது. பல ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள், குறிப்பாக முன்னறிகுறியற்ற வகையினர், இரண்டாம், மூன்றாம் மும்மாதங்களில் தணிவு கண்டனர். 1972இல் ஆஸ்திரேலியரான பிரையன் சோமர்வில் மாதவிடாயை ஒட்டி வரும் ஒற்றைத் தலைவலியை ஆராய்ந்து, ஈஸ்ட்ரோஜன் அளவு சரிவதே அதனைத் தூண்டுகிறது எனக் காட்டினார். கருவுற்ற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சரிவின்றி உயர்ந்து நிற்பது தணிவையும், பேற்றுக்குப் பின் அது திடீரெனச் சரிவது வலியின் மீள்வருகையையும் விளக்கின.

இக்கண்டுபிடிப்பு உண்மையானது, பலருக்கு ஆறுதலும் ஆனது. ஆயினும் பெரும்பான்மையோரின் தணிவு, தணிவு காணாத சிறுபான்மையினரை மருத்துவக் கவனத்திலிருந்து ஒதுக்கிவிட்டது. முதல் மும்மாதத்தில் தணிவு இன்னும் வந்திராது. கருவின் உறுப்புகள் உருவாகும் காலமும் அதுவே. மருந்து மிகத் தேவைப்படும் காலமும் மருந்து மிக அஞ்சத்தக்க காலமும் ஒன்றாகின்றன. முன்னறிகுறியுடன் கூடிய வகையினருக்குத் தணிவு குறைவு. சிலருக்குக் கருவுற்ற காலத்திலேயே அது முதன்முறையாகத் தோன்றுவதும் உண்டு.

மேலும், ‘எப்போதும் வரும் தலைவலிதானே’ என்னும் எண்ணம் வேறோர் ஆபத்தையும் மறைக்கக்கூடும். 20 வாரங்களுக்குப் பின் புதிதாகத் தோன்றும் அல்லது தன்மை மாறும் தலைவலி முன்சூல்வலிப்பின் அறிகுறியாக இருக்கலாம். மூளைச் சிரைகளில் குருதி உறைவதும் கருவுற்ற காலத்திலும் பேற்றுக்குப் பின்னரும் மிகுதி. ஒற்றைத் தலைவலி உடையோருக்கு முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் எனவும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

தற்செயலாகத் திரண்ட அறிவு

1991இல் நெதர்லாந்தில் முதலில் ஒப்புதல் பெற்ற சுமாட்ரிப்டான் ஒற்றைத் தலைவலிச் சிகிச்சையை மாற்றியமைத்தது. கிளாக்ஸோ நிறுவனத்தில் பாட்ரிக் ஹம்ஃப்ரி தலைமையில் உருவான இம்மருந்து, எர்காட்டைவிடக் குறிப்பிட்ட செரடோனின் ஏற்பிகளில் மட்டும் செயல்பட்டது. இதன் ஆய்வுகளிலும் கருவுற்ற பெண்கள் இல்லை. ஆனால் இம்முறை ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கருவுற்றதை அறியாமலோ அறிந்தோ மருந்தை உட்கொண்ட பெண்களின் பேற்று விளைவுகளைத் திரட்ட 1996இல் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டு 2012 வரை நடைபெற்றது. 600க்கும் மேற்பட்ட பேறுகளின் விளைவுகள் அதில் பதிவாயின. முதல் மும்மாதத்தில் சுமாட்ரிப்டான் உட்கொண்டோரின் குழந்தைகளில் பெரிய பிறவிக் குறைகள் 4.2 விழுக்காடு. பொதுமக்களிடையே காணப்படும் ஏறத்தாழ 3 விழுக்காட்டிலிருந்து இது தெளிவாக உயர்ந்ததெனக் கூற இயலாத அளவு; குறிப்பிட்ட வகைக் குறை எதுவும் மிகுந்து தோன்றவுமில்லை.

இப்பதிவேட்டின் முறையியல் எல்லையும் கருதத்தக்கது. 16 ஆண்டுகளில் சேர்ந்த எண்ணிக்கை, அரிய குறைகளைக் கண்டறியப் போதுமானதன்று. ஆயினும் எதுவும் அறியாத நிலையிலிருந்து ஓரளவு அறிந்த நிலைக்கு அது மருத்துவரை நகர்த்தியது. அவ்வறிவைத் தந்தவர்கள் ஆய்வுக்கு முன்வந்த தன்னார்வலர் அல்லர். பெரும்பாலும் தற்செயலாக மருந்து உட்கொண்ட பெண்கள்.

தடுப்பு மருந்துகளின் வரலாறு இதனினும் கடுமையானது. வலிப்பு மருந்தான வால்புரோயேட்டு கருவின் முதுகுத்தண்டு வளர்ச்சியைப் பாதிப்பது 1982 முதலே அறியப்பட்டிருந்தது. ஆயினும் 1996இல் அது அமெரிக்காவில் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கு ஒப்புதல் பெற்றது. குழந்தைகளின் நுண்ணறிவுத் திறனும் குறைவது தெரியவந்த பின், 2013இல் கருவுற்ற பெண்களுக்குத் தலைவலிக்காக அதனைக் கொடுக்கக் கூடாது என அறிவிக்கப்பட்டது. அறிவுக்கும் தடைக்கும் இடையே 31 ஆண்டுகள். 2004இல் தலைவலித் தடுப்புக்கு வந்த டோபிராமேட்டு உதடு, அண்ணப் பிளவுகளோடு தொடர்புடையது என்னும் எச்சரிக்கை 2011இல் வந்தது.

எளிய வலிமருந்துகளும் விலக்கின்றி நிற்கவில்லை. இபுபுரூஃபன் போன்றவை கருவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குடநீரைக் குறைக்கக்கூடும் என்பதால், 20 வாரங்களுக்குப் பின் அவற்றைத் தவிர்க்குமாறு 2020இல் அமெரிக்க நிர்வாகம் அறிவுறுத்தியது. எஞ்சியது பாராசிட்டமால். அதன் நீண்டகாலப் பயன்பாடு குறித்தும் 2021இல் ஆய்வாளர் குழு ஒன்று முன்னெச்சரிக்கை கோரியது. 2024இல் சுவீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை உள்ளடக்கிய ஆய்வு, உடன்பிறந்தோரை ஒப்பிட்டபோது மருந்துக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை எனத் தெரிவித்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறியப்பட்ட மருந்து பற்றியே இத்துணைக் காலந்தாழ்ந்து இவ்வினா எழுவது, கருவுற்றோர் குறித்த மருந்தறிவின் பொதுநிலையைக் காட்டுகிறது.

மருந்தில்லா வழிகளும் இன்றைய வழிகாட்டுதலும்

மருந்துகள் குறைந்தபோது மருந்தில்லா வழிகள் முதன்மை பெற்றன. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மெனிஞ்சர் நிறுவனத்தில், கைகளின் வெப்பத்தை மனப்பயிற்சியால் உயர்த்தக் கற்பதன் மூலம் ஒற்றைத் தலைவலியைக் குறைக்கும் உயிரியல் பின்னூட்டப் பயிற்சி உருவாயிற்று. 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தளர்வுப் பயிற்சி, உயிரியல் பின்னூட்டம் ஆகியவற்றைக் கருவுற்ற பெண்களிடமே முறையாகச் சோதித்து, ஒப்பீட்டுக் குழுவைவிட மிகுதியான பெண்கள் பயனடைந்ததைக் காட்டியது. மருந்தாய்வுகள் விலக்கிய பெண்ணை மருந்தில்லாச் சிகிச்சையின் ஆய்வு உள்ளே அழைத்தது என்பது வரலாற்று நோக்கில் கருதத்தக்கது. சீரான உறக்கம், வேளை தவறா உணவு, போதிய நீர், தூண்டுகாரணிகளைக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு ஆகியனவும் இவ்வழியைச் சேர்ந்தவை.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2022இல் கருவுற்ற காலத் தலைவலிக்கெனத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. பாராசிட்டமால் முதல்நிலை, குமட்டலையும் தணிக்கும் மெட்டோகுளோபிரமைடு அடுத்தநிலை, பிறவற்றால் தணியாதபோது எச்சரிக்கையோடு சுமாட்ரிப்டான், எர்காட் வகை முற்றிலும் தவிர்ப்பு என்பது அதன் சாரம். இரு நூற்றாண்டு வரலாறு ஒரு படிவரிசையாகச் சுருங்கி அதில் அமைந்துள்ளது. புதிய தலைமுறை மருந்துகளிலோ பழைய நிலையே தொடர்கிறது. 2018இல் அறிமுகமான, சிஜிஆர்பி என்னும் புரதத்தின் வழியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் மருந்துகளின் ஆய்வுகளிலும் கருவுற்ற பெண்கள் சேர்க்கப்படவில்லை. அவை உடலில் பல மாதங்கள் தங்குவதால் கருவுறுதலுக்கு முன்பே நிறுத்துமாறு அறிவுறுத்தப்படுகிறது.

இவ்வரலாறு மேலைநாட்டோடு நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் நீலகிரி மலைப்பகுதியில் ரைப் பயிரில் எர்காட் தொற்றவைக்கப்பட்டு மருந்துக்காக விளைவிக்கப்பட்டது. எர்கோமெட்ரினின் வழிவந்த மருந்து பேற்றுக்குப் பின்னான உதிரப்போக்கை நிறுத்த இந்திய மருத்துவமனைகளில் இன்றும் பயன்படுகிறது. எர்கோடமைனும் காஃபீனும் பாராசிட்டமாலும் கலந்த தலைவலி மாத்திரைகள் இந்திய மருந்துக் கடைகளில் இன்றும் விற்கப்படுகின்றன. மருத்துவரைக் காணாமல் கடையில் ‘தலைவலி மாத்திரை’ எனக் கேட்டு வாங்கும் வழக்கம் உள்ள சமூகத்தில், கருவுற்றதை அறியுமுன் அதனை உட்கொள்ளும் வாய்ப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வால்கிரைன் எழுப்பிய வினா இங்கு வேறு வடிவில் தொடர்கிறது.

முடிவுரை

கருவுற்ற பெண்ணுக்கான ஒற்றைத் தலைவலிச் சிகிச்சையின் எல்லைகளை ஒரே காரணத்தால் விளக்க இயலாது. எர்காட்டின் விலக்கு அனுபவத்தால் கற்றது, அது நியாயமானது. வால்புரோயேட்டின் விலக்கு அறிந்தும் காலந்தாழ்ந்து வந்தது. சுமாட்ரிப்டான் குறித்த தயக்கம் ஆய்வின்மையால் வந்து, தற்செயலான பயன்பாட்டால் ஓரளவு நீங்கியது. ‘கருவுற்றவருக்கு ஆகாது’ என்னும் ஒரே தொடர் இம்மூன்று வேறு வரலாறுகளையும் மூடிவிடுகிறது.

தாலிடமைடு கற்பித்த பாடம் எச்சரிக்கையே. அவ்வெச்சரிக்கை ஆய்விலிருந்து விலக்குதல் என்று பொருள்கொள்ளப்பட்டதால், இடர் நீங்காமல் கண்காணிப்பற்ற இடத்துக்கு நகர்ந்தது. அமெரிக்காவில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட மனித ஆய்வு விதிகள், எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியோரின் பட்டியலிலிருந்து கருவுற்ற பெண்களை நீக்கியுள்ளன. விலக்குதலால் அன்றி ஆய்வால் காத்தல் என்னும் திசைக்கு இது ஒரு தொடக்கம்.

சூரிச்சில் எர்கோடமைன் ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கப்பட்டு ஒரு நூற்றாண்டு ஆகிறது. இக்காலத்தில் இந்நோய்க்கு வந்த மருந்துகள் பல. கருவுற்ற பெண்ணை முதலிலேயே கருதி ஆராயப்பட்டவை அரியன. தலைவலியின் வரலாற்றையும் பேற்றறையின் வரலாற்றையும் ஒன்றாக வாசிக்கும் ஆய்வுகள் பெருகும்போது, எங்கு மருந்தின் இயல்பு தடுக்கிறது, எங்கு அறியாமை தடுக்கிறது என்பதைப் பிரித்தறிய இயலும். இந்தியச் சூழலில் எர்காட் மருந்துகளின் பயன்பாட்டு வரலாறு தனித்து ஆராயப்பட வேண்டியது.